பழைய கட்டடத்துக்கு உயிலில் ஒரு பங்கு: யார் பேருக்கு எழுதி வைப்பது?

"பிள்ளைகள் அவரவர் காலில் நின்றுவிட்டார்கள். எனக்கப்புறம் இருப்பதில் ஒரு பங்கு எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக்குப் போகட்டும் என்று ஆசை. யார் பேருக்கு எழுதுவது?"

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து வாசகர்கள் இதை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். ஒருவருக்கு மண்டபம், ஒருவருக்குக் குளக்கரைச் சத்திரம், இன்னொருவருக்குத் தாத்தா கட்டிய முற்றம் வைத்த வீடு. மனசு தயார். எந்தக் கையில் கொடுப்பது என்பதில்தான் வருஷக்கணக்காகத் தள்ளிப் போகிறது. தள்ளிப் போட்டவர்களில் பலர் உயில் எழுதாமலே போய்விடுகிறார்கள் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பெரிய கோயிலில் தான் கொடுத்தது, அக்காள் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். அந்தக் கல்வெட்டுகளில் பணம் எப்படி நிற்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஊர்ச் சபைகளிடம் காசை முதலாகக் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம், வட்டி வாங்கி அதில்தான் செலவு. அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடுத்தால், இடையர் நெய் அளந்துகொண்டே இருக்க வேண்டும், ஆட்டின் எண்ணிக்கையும் குறையக் கூடாது. முதலைத் தொடாமல் பலனை மட்டும் எடுப்பது, இன்ன வேலைக்கு என்று சொல்வது, யார் பொறுப்பு என்று பெயர் போடுவது: இந்த மூன்றும் இன்றைய உயிலுக்கும் வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

நினைத்த கட்டடத்துக்கே பணம் போகுமா? நீங்கள் பின்மண்டபத்தை நினைத்து எழுதுவீர்கள். பணம் புது அலங்கார வளைவுக்கும் ராஜகோபுரப் பெயிண்ட்டுக்கும் போய்விடும். யாரும் திருடியிருக்க மாட்டார்கள். உயிலில் "கோயில் திருப்பணிக்கு" என்று பொதுவாக எழுதியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

வேலை எப்படி நடக்கும்? என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வி. தவறான திருப்பணியைவிடச் சும்மா விடுவதே மேல் என்று சொல்லும் அளவுக்குச் சேதம் பார்த்தாகிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். ஐந்தாறு மழைக்காலம் கழித்துப் பூச்சு தகடாகப் பெயர்ந்து வரும்போது, பின்னால் இருக்கும் செங்கல் கையோடு பொடியாக உதிரும். கடலோரமாக இருந்தால் உப்பும் சேர்ந்து அரிக்கும். பழைய கருங்கல் தளத்தின்மேல் டைல்ஸ் ஒட்டுவது, கல்வெட்டின்மேல் எனாமல் அடிப்பது, மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்வது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். மணல் பீய்ச்சுவதற்குக் கோயில்களில் தடையே இருக்கிறது. சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசும் கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி அதிகம், நாளும் அதிகம். உங்கள் பணத்தை வாங்குகிறவர் அவர்களைக் கூப்பிடுவாரா என்று பாருங்கள்.

எத்தனை வருஷம் நிற்கும்? 10 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 70,000. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் அந்த 70,000-க்குப் பாதி வேலைதான் நடக்கும். ஒரு குடமுழுக்குக்கும் அடுத்ததற்கும் 12 ஆண்டு என்பது வழக்கம், அதுவும் தள்ளிப் போவதுண்டு. பெரிய கோயிலிலேயே 1997-க்கு அப்புறம் 2020-இல்தான் நடந்தது. ஆகவே வட்டி முழுவதையும் செலவழிக்காமல், மூன்றில் ஒரு பங்கையாவது முதலோடு சேர்க்கச் சொல்லி எழுத வேண்டும்.

நீங்கள் இல்லாதபோது யார் கேட்பார்? கணக்குக் கேட்க உரிமையும் உள்ளூரில் இருப்பும் சேர்ந்த ஒரு ஆள் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் காரியம் ஆகாது.

வாரிசுகள் தடுக்க முடியுமா? இது எல்லா வழிக்கும் பொது என்பதால் கடைசியில் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. பழைய கட்டடங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் பெரிய செலவில்லாமை அல்ல, சின்னச் செலவில்லாமை. கோபுரத்தின் இரண்டாம் நிலையில், சுதைப் பொம்மைக்குப் பின்னால், காக்கை எச்சத்தோடு ஒரு அரச விதை விழுகிறது. முதல் வருஷம் இரண்டு இலை, விரலால் பிடுங்கிவிடலாம். மூன்றாம் வருஷம் வேர் செங்கல் சந்துக்குள் ஓடியிருக்கும், மேலே வெட்டினால் அடியில் இன்னும் தடிக்கும். பத்தாம் வருஷம் அந்த நிலையையே பிரித்துத்தான் வேரை எடுக்க வேண்டும். முதல் வருஷம் ஏணியும் ஓர் ஆள் கூலியும், பத்தாம் வருஷம் லட்சங்கள். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன் செடி பிடுங்கவும், தளத்தில் தண்ணீர் வடியும் வழியைத் துப்புரவாக்கவும், ஓடு மாற்றவும் எழுதி வைக்கிறவர், குடமுழுக்குக்குப் பெரிய தொகை கொடுக்கிறவரைவிட அந்தக் கட்டடத்துக்கு அதிகம் செய்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

## அறநிலையத் துறைக் கோயிலில் கட்டளை

டெல்டாவில் பெரும்பாலான கோயில்கள் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருபவை. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்று எழுதி வைப்பது தனிக் கட்டளை ஆகிறது. வட்டியில் வருவதை அந்தக் காரியத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும். பூசைக்கும் விளக்குக்கும் கட்டளை வைப்பதுதான் நமக்குப் பழக்கம். கட்டடப் பராமரிப்புக்கும் வைக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

பணம் கோயில் கணக்கில் ஏறும், தணிக்கை உண்டு, கோயில் இருக்கும்வரை வாங்குகிறவரும் இருப்பார். பழமையான கோயிலில் வேலை என்றால் வல்லுநர் குழுக்களின் ஒப்புதல் வேண்டும், நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. முறையாகச் செய்தால் பலன் எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்ரீரங்கம் கோயிலுக்கு 2017-இல் கிடைத்த யுனெஸ்கோ விருதும், கும்பகோணம் பக்கத்துத் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலுக்கு 2024-இல் கிடைத்த விருதும் சாட்சி.

மறைவான செலவு முதலில் காலம். எஸ்டிமேட், குழு, ஒப்புதல், டெண்டர் என்று ஒவ்வொரு படியும் மாதக்கணக்கில் போகும். செயல் அலுவலர் மாறினால் கோப்பு அடியிலிருந்து தொடங்கும். அடுத்தது, உயிலில் வெறுமனே "கோயிலுக்கு" என்று எழுதினால் பொது நிதியில் கலந்துவிடும். கோயிலின் பெயர், ஊர், மண்டபத்தின் பெயர், செய்ய வேண்டிய வேலை எல்லாம் எழுத வேண்டும். உயிலில் எழுதுவதற்கு முன்பே, உயிரோடு இருக்கும்போது சிறிய தொகையில் அதே பெயரில் ஒரு கட்டளையைத் தொடங்கிவிடுங்கள். அப்புறம் உயிலில் "ஏற்கெனவே உள்ள இன்ன கட்டளையோடு சேர்க்க" என்று ஒரு வரி போதும். ஏற்கிறார்களா, எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஒரு கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் கதை வேறு. பூசை ஒரு நிர்வாகம், கட்டடம் இன்னொரு நிர்வாகம். தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரமும் அப்படித்தான். அங்கே கோயில் நிர்வாகத்திடம் கட்டட வேலைக்குப் பணம் கொடுத்துப் பயனில்லை, கல்லைத் தொட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. மாநிலத் தொல்லியல் துறை 1966 சட்டப்படி பாதுகாக்கும் சின்னங்களும் இருக்கின்றன. உங்கள் கட்டடம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுத உட்காருங்கள்.

எப்போது இது சரி: ஊர்க் கோயில், நடுத்தரத் தொகை, அவசரமில்லை, உள்ளூரில் கேட்க ஒரு ஆள் இருக்கிறார்.

## ஆதீனங்கள்

தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் காசித் திருமடம் மூன்றும் நம் பக்கத்தில்தான். தருமபுரம் ஆதீனத்தின் கீழ் வைத்தீஸ்வரன்கோயில் உட்பட 27 கோயில்கள். காசித் திருமடம் பல்கலைக்கழகங்களில்கூட அறக்கட்டளைகள் நிறுவியிருக்கிறது, எழுதி வைத்ததைத் தலைமுறை தாண்டி நடத்தும் பழக்கம் உள்ள இடம். நீங்கள் நினைக்கும் கோயில் ஆதீனத்துக்குரியது என்றால் நேரே மடத்தில் பேசுவதுதான் முறை. கட்டடத்தோடு தேவாரம் ஓதுவதற்கும் சேர்த்து வைக்க நினைப்பவர்களுக்கும் இதுவே பொருத்தம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. முடிவு பெரும்பாலும் மேலிருந்து வரும். இன்றைக்கு வாய்மொழியாகக் கிடைக்கும் உறுதி நாளைக்கு வேறு முன்னுரிமையில் கரையலாம். எவ்வளவு மரியாதைப்பட்ட இடமாக இருந்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள்வது தப்பே இல்லை. மடத்தாரும் அதை விரும்புவார்கள்.

## இன்டாக், தேசியப் பண்பாட்டு நிதியம்

கட்டடம் கோயில் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய வாசல் இதுதான். இன்டாக் என்பது பழைய கட்டடங்களையும் பண்பாட்டுச் சின்னங்களையும் காக்கும் இந்திய அமைப்பு. 1984-இல் தொடங்கிய அதன் கதையிலேயே ஓர் உயில் இருக்கிறது. இந்தியாவில் சம்பாதித்து 1916-இல் இறந்த சார்லஸ் வாலஸ் என்ற ஆங்கிலேயர் விட்டுப் போன பணம், அறுபது எழுபது வருஷம் கழித்து அந்த அமைப்பு உருவாகக் கைகொடுத்தது. தரங்கம்பாடியில் சுனாமிக்கு அப்புறம் பழைய வீடுகளைச் சீரமைத்ததில் இன்டாக்கின் பங்கைப் பார்க்க விரும்பினால் ஒரு நாள் போய் நடந்து பாருங்கள். தூண் வைத்த திண்ணையும் நாட்டு ஓடும் சுண்ணாம்புப் பூச்சும் புழங்கும் வீடாக எப்படி நிற்கின்றன என்பது தெரியும்.

தொழில் தெரிந்தவர்கள், கட்டடக் கலைஞர்கள், சரியான பொருள்: இது பலம். ஆனால் கட்டடம் அவர்களுடையது அல்ல. உடைமையாளர் சம்மதிக்காவிட்டால் உங்கள் பணம் பயன்படாமல் கிடக்கும், அல்லது வேறிடத்துக்குப் போகும். நிபுணர் கட்டணமும் நிர்வாகச் செலவும் தொகையிலிருந்துதான் போகும். சின்னத் தொகை ஒரு முழுச் சீரமைப்புக்குப் போதாது. அப்படிப்பட்ட நிலையில் நான் சொல்வது, ஆவணப்படுத்தச் சொல்லி எழுதுங்கள். அளந்து வரைபடம் போடுவது, ஒவ்வொரு தூணையும் கல்வெட்டையும் படமெடுப்பது. செலவு குறைவு, பலன் பெரிது. சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிகாவில் செங்கல் கோயிலைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்றியபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்ட வைத்தார். அவர் அதைச் செய்ததால்தான் அதற்கு முந்தைய கொடைகளும் நமக்குத் தெரிகின்றன.

தேசியப் பண்பாட்டு நிதியம் 1996-இல் மத்திய அரசு நிறுவியது. திட்டம், இடம், வேலை செய்யும் அமைப்பு ஆகியவற்றை நன்கொடையாளர் சொல்லலாம். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னம் ஒன்றுக்குத்தான் தர வேண்டும் என்றால் இது நேர்வழி. ஆனால் இறந்தவர் பேச்சுவார்த்தை நடத்த முடியாது. நிறைவேற்றுநர், அதாவது உயிலில் எழுதியதைச் செய்து முடிக்க நீங்கள் நியமிக்கும் ஆள், கெட்டிக்காரராக இருக்க வேண்டும், தொகையும் ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும்.

## சொந்தமாக ஒரு டிரஸ்ட்

எல்லாம் நம் கையில் இருக்கும் என்ற ஈர்ப்பு இதற்கு உண்டு. எந்தக் கட்டடம், எந்தக் கொத்தனார், எந்தச் சுண்ணாம்பு என்பதுவரை பத்திரத்திலேயே எழுதலாம். பிற்காலத்தில் அறங்காவலர்கள் தவறினால், அக்கறையுள்ள இருவர் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின் கீழ் அனுமதி பெற்று வழக்குப் போடவும் வழியிருக்கிறது.

செலவு அங்கேதான். பத்திரப்பதிவு, பான், வருமான வரிப் பதிவு, அதைப் புதுப்பித்தல், ஆண்டுக் கணக்கு, ஆடிட்டர் கட்டணம். முன்பு சொன்ன 70,000 வட்டியில் ஆடிட்டருக்கும் அலைச்சலுக்கும் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதைவிடப் பெரிய பிரச்சினை ஆள். தொடங்கும்போது அறங்காவலர் எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள், அடுத்த தலைமுறை சென்னையிலோ ஹூஸ்டனிலோ. இருபது வருஷத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது, வங்கிக் கணக்கு முடங்கும்.

வட்டியே ஆண்டுக்குச் சில லட்சம் வரும் அளவுக்கு முதல் இருந்து, நாற்பது வயதுக்குள் உள்ளூரில் இருவராவது பொறுப்பேற்கத் தயாராக இருந்தால் இதைப்போல் நல்ல வழி இல்லை. அப்போதும் டிரஸ்ட்டை உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்து, இரண்டு மூன்று வருஷம் நடத்திவிட்டு, உயிலில் அதற்குப் பங்கு எழுதுங்கள். உயிலிலேயே டிரஸ்ட் பிறக்கட்டும் என்று விட்டால், பிறப்பதற்கே கோர்ட்டுக்குப் போக நேரிடலாம்.

## ஊர்த் திருப்பணிக் குழு

வேகம், சிக்கனம், ஊர்ப் பாசம் மூன்றும் இங்கேதான். ஆனால் உயிலுக்கு ஏற்ற இடம் அல்ல. பல குழுக்கள் பதிவு செய்யப்படாதவை, வங்கிக் கணக்கு இரண்டு பேர் பெயரில் இருக்கும், குடமுழுக்கு முடிந்ததும் குழு கலைந்துவிடும். நீங்கள் காலமாகும்போது அந்தப் பெயரில் யாருமே இல்லாமல் போகலாம். இவர்களுக்கு உதவ நினைத்தால் இப்போதே, பொருளாக உதவுங்கள். சுண்ணாம்பும் கடுக்காயும் வாங்கிக் கொடுங்கள், தெரிந்த ஸ்தபதியை அழைத்து வந்து ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

## வீட்டையே எழுதி வைப்பது

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய தளம். இப்படிப்பட்ட வீடு வைத்திருப்பவர்கள் "யாராவது ஓர் அமைப்பு எடுத்துக்கொள்ளாதா" என்று கேட்கிறார்கள். வெறும் வீட்டை எடுத்துக்கொள்ள அமைப்புகள் தயங்கும். பராமரிப்புக்கு முதல் இல்லாத வீடு அவர்களுக்குக் கடன்.

சொத்து எழுதி வைத்தாலே கட்டடம் பிழைக்கும் என்றும் இல்லை. இரண்டாம் சரபோஜி காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தாம்பாள் சத்திரத்தைப் பாருங்கள். யானையும் குதிரையும் இழுக்கும் தேர் போன்ற வேலைப்பாடு. மராட்டியர் காலச் சத்திரங்களுக்கு ஊர்களே மானியமாக இருந்தன. சோறு போடவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் ஏற்பாடு இருந்தது. ஆனால் சத்திரத்தின் கூரையும் சுவரும் பல பத்தாண்டுகள் சிதிலமாகக் கிடந்தன. தர்மத்துக்கு எழுதுவது வேறு, தர்மம் நடக்கும் கட்டடத்துக்கு எழுதுவது வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம் சரஸ்வதி மகால். அரச குடும்பத்தின் நூலகம் 1918-இல் பொதுச் சொத்தானது, இன்றும் ஆய்வாளர்கள் அங்கே உட்கார்ந்து சுவடி பார்க்கிறார்கள். புழக்கம் உள்ள கட்டடம் நிற்கும். ஆகவே வீட்டைக் கொடுப்பதானால் அங்கே என்ன நடக்கப் போகிறது என்பதையும் எழுதுங்கள்: நூலகமா, பாடசாலையா, வாடகைக்கு விட்டு வாடகையில் பராமரிப்பா. வீட்டோடு ஒரு டெபாசிட்டும் சேரட்டும். இதற்கெல்லாம் வழியில்லை என்றால், பிள்ளைகளில் யாருக்கு அந்த வீட்டின்மேல் உயிரோ அவருக்கே எழுதி, மற்றவர்களுக்குப் பணத்தில் சரிக்கட்டுவது ஓர் அமைப்பைத் தேடுவதைவிடப் பல குடும்பங்களில் நல்ல முடிவு.

## ஒரே பார்வையில்

| வழி | நினைத்த கட்டடத்துக்கே போகுமா | வேலைத் தரம் | மறைவான செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| கோயில் கட்டளை | விவரமாக எழுதினால் போகும் | குழு ஒப்புதல் உண்டு | காலதாமதம் | ஊர்க் கோயில், நடுத்தரத் தொகை |
| ஆதீனம் | அவர்கள் கோயில் என்றால் போகும் | மடத்தைப் பொறுத்தது | வாய்மொழி உறுதி | ஆதீனக் கோயில், ஓதுவார் பணி |
| இன்டாக் | உடைமையாளர் சம்மதம் வேண்டும் | நன்று | நிபுணர், நிர்வாகக் கட்டணம் | வீடு, சத்திரம், ஆவணப் பணி |
| பண்பாட்டு நிதியம் | பேசி முடிக்க வேண்டும் | தொல்லியல் துறை முறை | நிறைவேற்றுநரின் உழைப்பு | மத்தியப் பாதுகாப்புச் சின்னம் |
| சொந்த டிரஸ்ட் | முழுக்க | உங்கள் தேர்வு | ஆடிட்டர், ஆள் பற்றாக்குறை | பெரிய முதல், இளைய அறங்காவலர் |
| ஊர்க் குழு | இப்போதைக்குப் போகும் | ஊரைப் பொறுத்தது | குழு கலைவது | உயிலுக்கு வேண்டாம் |

## பணமா, நிலமா, பங்கா

டெல்டாக்காரர்களுக்கு நிலத்தின்மேல் தனி நம்பிக்கை. "ரெண்டு மா நிலத்தை எழுதி வெச்சுட்டா காலத்துக்கும் நெல் வரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு நான் நிலத்தைச் சொல்ல மாட்டேன். கோயில் நிலம் ஆனபின் ஆணையர் அனுமதியில்லாமல் விற்க முடியாது. அது நல்லதுதான். ஆனால் குத்தகை பாக்கி, வருவாய் நீதிமன்றம், ஆக்கிரமிப்பு என்று நெல்லைவிட வழக்கு அதிகம் விளையும் நிலங்கள் எத்தனையோ. நிலம்தான் இருக்கிறது என்றால் விற்றுப் பணமாக்கிக் கொடுக்கும்படி நிறைவேற்றுநருக்கு உயிலிலேயே அதிகாரம் கொடுங்கள்.

குறிப்பிட்ட தொகை எழுதுவதிலும் ஆபத்து. இன்று எழுதும் 5 லட்சம் இருபது வருஷம் கழித்து எந்த மூலைக்கு? இன்னொரு பக்கம், மருத்துவச் செலவில் கையிருப்பு கரைந்துவிட்டால் அந்த 5 லட்சத்தைக் கொடுக்க வீட்டுக்காரம்மாவின் பங்கில் கைவைக்க வேண்டியிருக்கும். கடன், இறுதிச் சடங்கு, குடும்பத்துக்கான பங்குகள் போக மிஞ்சுவதில் 10 சதவீதம், 20 சதவீதம் என்று பங்காக எழுதுவது இரண்டு சங்கடத்தையும் தீர்க்கும்.

## எந்த வழியானாலும் கவனிக்க

உங்களுடையதை மட்டும்தான் எழுத முடியும். சொந்தச் சம்பாத்தியத்தில் தடையில்லை. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான், 2005 திருத்தத்துக்கு அப்புறம் பெண்பிள்ளைகளும் சம பங்காளிகள். இதை மறந்து முழு வீட்டையும் கோயிலுக்கு எழுதினால் வழக்கு நிச்சயம்.

உயிலுக்கு இரண்டு சாட்சி. பிற்பாடு நிரூபிக்கும்போது அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும், அதனால் உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். பலன் பெறும் கோயிலின் அறங்காவலரையோ குழுத் தலைவரையோ சாட்சியாகப் போட வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, முத்திரைத் தாளும் தேவையில்லை. ஆனாலும் தர்மத்துக்கு எழுதும் உயிலைப் பதிவு செய்துவிடுங்கள், "அப்பாவை யாரோ ஏமாற்றி எழுதி வாங்கிட்டாங்க" என்ற பேச்சு வருவது இதில்தான் அதிகம்.

வங்கி டெபாசிட்டில் நாமினி ஒருவர், உயிலில் வேறொருவர் என்று விட்டுவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், உரிமை உயில்படிதான். ஆனால் வாங்கியவரிடமிருந்து திரும்ப வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

வரியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. நம் நாட்டில் மரணச் சொத்து வரி 1985-இலேயே போய்விட்டது. ஆகவே உயிலில் தர்மம் எழுதுவதால் குடும்பத்துக்கு வரி எதுவும் மிச்சமாகாது. 80ஜி என்று நாம் பழகிய வருமான வரிச் சலுகை, அறிவிக்கை செய்யப்பட்ட கோயில், மசூதி, தேவாலயங்களின் புதுப்பிப்புக்குத் தருவதற்கும் உண்டு. ஆனால் அது உயிரோடு இருப்பவர், பழைய வரிமுறையில், வங்கி வழியாகத் தரும்போது. வரிச்சலுகை முக்கியம் என்றால் ஒரு பகுதியை இப்போதே கொடுப்பதுதான் வழி.

சிங்கப்பூர், மலேசியா குடியுரிமை வாங்கிய நம் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட் மாறியவர் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு உள்ள அமைப்புதான் வாங்க முடியும், பெரும்பாலான ஊர் டிரஸ்ட்டுகளிடம் அது கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து தந்தால் இந்தத் தொல்லை இல்லை.

நாகூர் தர்காவின் உயரமான மினாரா மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக் கொடுத்தது, தர்மத்துக்குச் சமய எல்லை இங்கே என்றும் இருந்ததில்லை. சட்டம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது. கிறித்தவர்கள் தர்மத்துக்கு எழுதுவதற்கு இருந்த பழைய கட்டுப்பாட்டை 2003-இல் ஜான் வள்ளமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதற்கு முன் யோசித்துக் கைவிட்டவர்கள் மறுபடி யோசிக்கலாம்.

## நான் சொல்வது

ஊர்க் கோயிலை நினைத்து, சில லட்சங்கள் தர முடிகிற குடும்பத்துக்குக் கட்டளைதான். இப்போது ஒரு சிறு பகுதி, உயிலில் மிச்சத்தில் ஒரு பங்கு. சத்திரம், வீடு, பழைய பங்களா என்றால் இன்டாக். தொகை சிறிதென்றால் ஆவணப் பணிக்கு. டிரஸ்ட் என்பது பணம் உள்ளவர்களைவிட ஆள் உள்ளவர்களுக்கு உரியது.

உயிலில் வரி இப்படி இருக்கலாம், உங்கள் வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்:

"என் கடன்களும் மேற்சொன்ன பங்குகளும் போக மீதமுள்ள சொத்தில் 15 சதவீதத்தை, இன்ன ஊர் இன்ன கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தைப் பராமரிப்பதற்காக, ஏற்கெனவே என் பெயரில் உள்ள கட்டளையோடு சேர்க்க வேண்டும். முதலைத் தொடக் கூடாது. வட்டியில் மூன்றில் ஒரு பங்கை முதலோடு சேர்த்து, மீதியில் ஆண்டுதோறும் மழைக்கு முன் செடி கொடிகளை வேரோடு அகற்றவும், தளத்தின் நீர்வழிகளைச் சீர் செய்யவும், பழுதான பூச்சைச் சுண்ணாம்புக் கலவையால் மட்டும் சரிசெய்யவும் செலவிட வேண்டும். கணக்கைக் கேட்கும் உரிமை என் நிறைவேற்றுநருக்கும், அவருக்குப் பின் இன்னாருக்கும் உண்டு. இந்த வேலை அங்கே நடத்த இயலாமல் போனால், அதே வட்டத்தில் உள்ள வேறொரு பழைய கட்டடத்தின் பராமரிப்புக்கு இத்தொகையைப் பயன்படுத்தலாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முப்பது வருஷத்தில் அந்தக் கோயில் தொல்லியல் துறையிடம் போகலாம், அரசே முழுச் செலவையும் ஏற்கலாம். மாற்று வழி எழுதாத பணம் கோர்ட்டில் போய் நிற்கும்.

உயிலின் நகல் ஒன்று நிறைவேற்றுநரிடம், ஒன்று கோயில் அலுவலகத்தில் இருக்கட்டும். உறையில் வைத்து மூடி மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழியிருக்கிறது. நகலோடு கட்டடத்தின் இன்றைய நிழற்படங்களை, நான்கு பக்கமும், தளமும், விரிசல்களும், கல்வெட்டுகளும் தெரியும்படி, தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். வேலை செய்ய வரும் ஸ்தபதிக்கு முன்பு எது எப்படி இருந்தது என்று காட்டவும், கணக்குக் கேட்கிறவர் எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்தப் படங்கள் வேண்டும்.